பழைய பிக்கப்பின் சஸ்பென்ஷன்: எதை முதலில் மாற்றுவது, எதை நாமே செய்வது

பழைய பிக்கப்போ மினி லாரியோ வாங்கிய புதிதில் பலருக்கும் நடப்பது இதுதான். பள்ளத்தில் இறங்கினால் ஒரு மூலையில் 'கடக்' என்கிறது. திரும்பினால் 'கீச்' என்கிறது. பிரேக் பிடித்தால் மூக்கு குனிகிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. பட்டறையில் காட்டினால் நீளமாக ஒரு பட்டியல் எழுதித் தருவார்கள். கையில் இருக்கும் பணம் அதில் பாதிக்குத்தான் வரும். எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் பாகங்களுக்குத்தான் முதல் பணம். சத்தம் போடும் பாகங்கள் காத்திருக்கலாம். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் சத்தம் காதில் விழுகிறது, விரிசல் கண்ணில் படுவதில்லை.

நானும் அப்படித்தான் செய்தேன். என் வண்டியின் பின்பக்கம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று முடிவுகட்டி நான்கையும் புதிதாக வாங்கிப் போட்டேன். சத்தம் பாதி குறைந்தது. ஆனால் நேரான சாலையில் வண்டி லேசாகக் குறுக்கே ஓடுவதுபோலவே இருந்தது. ஒருநாள் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், இடது பின் பட்டைக் கட்டின் (எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) சென்டர் போல்ட், அதாவது பட்டைகளை நடுவில் துளைத்துக் கட்டும் போல்ட், முறிந்திருந்தது. ஆக்ஸில் ஒரு விரல் அகலத்துக்குப் பின்னால் நகர்ந்து, அது பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த தடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. அந்த ஆக்ஸிலைப் பிடித்துக்கொண்டிருந்தவை ஆக்ஸிலைப் பட்டையோடு சேர்த்துக் கட்டும், தளர்ந்துபோன இரண்டு யூ (U) வடிவ போல்ட்டுகள்தான். அந்த நிலையில் பல வாரம் பாரம் ஏற்றி ஓட்டியிருக்கிறேன். ஷாக்குக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்கு போதும், இரண்டு பக்கமும் யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் மாற்றியிருக்கலாம்.

இங்கே எழுதுவதெல்லாம் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும், முன்னால் பட்டையோ காயிலோ (சுருள் ஸ்பிரிங்) டார்ஷன் பாரோ (முறுக்குவதால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) உள்ள இலகுரக வண்டிகளுக்கு. காற்று பிரேக், காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள கனரக லாரிகளுக்கு இதை வைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள்.

தூக்குவதற்கு முன்

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி மெல்லப் புதைந்து சாயும்.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் அலட்சியம் வராது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் இருக்கும் முன்சக்கரங்களைப் பிடிக்க எதுவும் இல்லை. சில சிறு லாரிகளில் ஹேண்ட் பிரேக் கியர் பாக்ஸுக்குப் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அந்த வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருப்பது மறுபக்கம் உருளும். இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் அதற்கு வழிவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் சேஸியின் (வண்டியின் அடிச்சட்டம்) கெட்டியான இடத்தில் ஸ்டாண்ட் வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்குங்கள். பிறகு வண்டியின் பக்கவாட்டில் நின்று பலமாக ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். செங்கல், ஹாலோ பிளாக், அடுக்கிய பலகைத் துண்டுகள் எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. பட்ஜெட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நல்ல ஸ்டாண்ட் ஒரு ஜோடியைக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள்.

ஒரு மணி நேரப் பரிசோதனை

எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழியுங்கள். டார்ச், டேப், சாக்பீஸ், ஒரு கடப்பாரை, ஒரு நோட்டு, உதவிக்கு ஒரு ஆள் போதும்.

வண்டி தரையில் நிற்கும்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும். பாரம் இல்லாமல், டயர் காற்று சரியாக வைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். இடதும் வலதும் கணிசமாக வேறுபட்டால், தாழ்ந்த பக்கத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பட்டை உடைந்திருக்கலாம். அடுத்து ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். என் வண்டியில் இந்த ஓர் அளவை எடுத்திருந்தாலே சென்டர் போல்ட் பிடிபட்டிருக்கும்.

பிறகு டயர். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, உள்ளங்கையால் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலக் கூராகவும் உறுத்தினால் டோ அளவு (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கிறது: டை ராடையும் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பி) புஷ்ஷையும் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை) சந்தேகப்படுங்கள். சுற்றிலும் இடைவிட்டு இடைவிட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் வேலை செய்யவில்லை, அல்லது எங்கோ ஆட்டம் இருக்கிறது. உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து ஓடுகிறது.

இப்போது கீழே. பட்டைக் கட்டுகளை முன் முனையிலிருந்து பின் முனை வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேறு அப்பியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். விரிசல் நேராகக் கோடுபோல எப்போதும் தெரியாது. பட்டையின் ஓரத்தில் ஒரு மெல்லிய செந்துருக் கோடு கசிந்து வழிந்ததுபோல இருக்கும், அதுதான் அடையாளம். யூ போல்ட்டின் தகட்டுக்குப் பக்கத்திலும், பட்டை வளைந்து துளையாகும் கண் பகுதியிலும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இந்த இரண்டு இடங்களில்தான் பட்டை அதிகம் முறியும். இதற்கு நேர்மாறான அடையாளமும் உண்டு. எல்லாம் துருப்பிடித்திருக்கும் இடத்தில் ஓரிடம் மட்டும் வெள்ளிபோல மின்னினால், அங்கே இரண்டு இரும்பு உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். யூ போல்ட் தளர்ந்த வண்டியில் ஸ்பிரிங் இருக்கைக்கு அருகில் இந்த மினுமினுப்பைப் பார்க்கலாம். புஷ்ஷைச் சுற்றிச் செங்கல் பொடிபோல இருந்தால் ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் இரும்பு தேய்கிறது.

ஷாக்கில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக வழிந்து, கீழ்முனை வரை இறங்கி, அதில் தூசி களிபோல ஒட்டியிருந்தால் அது போய்விட்டது. பானட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனை காருக்குச் சரிவரலாம். கெட்டியான பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் அது ஏமாற்றும்.

முன்சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது

இந்தச் சோதனைக்கு நேரம் கொடுங்கள். உயிர்போகும் பழுதுகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

எங்கே ஜாக்கி வைக்கிறீர்கள் என்பது முக்கியம். காயில் அல்லது டார்ஷன் பார் கீழ் ஆர்மோடு (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க் கை) சேர்ந்திருந்தால், அந்தக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். அப்போதுதான் பாரம் சுமக்கும் பால் ஜாயிண்ட் (ஆர்மின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) தளர்ந்து, அதிலுள்ள ஆட்டம் வெளியே வரும். சேஸியில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் விசை ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த ஜாயிண்டும் புதிதுபோல நிற்கும்.

டயர் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதும், உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டில், முன்னால் முழு ஆக்ஸில் உள்ள வண்டியானால் கிங் பின்னில் (சக்கரம் திரும்பும் தண்டு). அடுத்து, கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து நெம்புங்கள். உதவியாளர் ஜாயிண்டின்மேல் விரலை வைத்திருக்கட்டும். தேய்ந்த ஜாயிண்டில் அந்த விரலுக்கு ஒரு சின்ன 'டக்' தெரியும். காதுக்கு முன்னால் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். எவ்வளவு ஆட்டம் அனுமதி என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.

கடைசியாக, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். உதவியாளர் டை ராட் முனையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சக்கரம் அசைந்தும் ராட் அசையாமல் இருந்தால், அல்லது ராட் அசைந்தும் மறுமுனை தாமதமாக அசைந்தால் ஆட்டம் அங்கேதான்.

வரிசை போடுவது

இப்போது உங்கள் நோட்டில் ஒரு பட்டியல் இருக்கும். அதை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வரிசையில் வருபவை, விட்டுப்போனால் சக்கரமோ ஆக்ஸிலோ ஸ்டீயரிங்கோ கையை விட்டுப் போகக்கூடியவை: பால் ஜாயிண்ட், டை ராட் முனை, டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி), கிங் பின், வீல் பேரிங், யூ போல்ட், சென்டர் போல்ட், கண் உள்ள மெயின் பட்டை, ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையை அசையவிட்டுப் பிடிக்கும் இணைப்பு), ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர். இவற்றில் ஒன்று பழுது என்று உறுதியானால் சரிசெய்யும் வரை வண்டி நகரக் கூடாது. 'இந்த ஒரு லோடு மட்டும்' என்பது கிடையாது.

இரண்டாவது வரிசையில் வருபவை, வண்டி பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் கட்டுப்படுவதைக் குறைப்பவை: எண்ணெய் ஒழுகும் ஷாக், கிழிந்த புஷ், உடைந்துபோன துணைப் பட்டை, ஆக்ஸில் சேஸியில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் காணாமல்போயிருப்பது. ஷாக் போன வண்டியில் டயர் சாலையைத் தொடாமல் துள்ளும் கணங்கள் அதிகம், அந்தக் கணங்களில் பிரேக் பிடித்துப் பயனில்லை. துணைப் பட்டை ஒன்று உடைந்தால் மீதிப் பட்டைகள் அதன் பாரத்தையும் சுமக்கும், அடுத்தது சீக்கிரம் முறியும். பணம் கிடைத்ததும் செய்ய வேண்டியவை இவை. அதுவரை பாரத்தைக் குறைத்து, மெதுவாக ஓட்ட வேண்டும்.

மற்றதெல்லாம் மூன்றாவது. பட்டைகளுக்கு இடையே கீச்சுச் சத்தம், இரண்டு பக்கமும் ஒரேயளவு தாழ்ந்த பின்பக்கம், ஸ்டெபிலைசர் லிங்க்கில் கடகடப்பு. ஆனால் உயரமான கூண்டு கட்டிய வண்டி என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கை இரண்டாவது வரிசைக்கு ஏற்றுங்கள். உயரம் கூடக்கூட வண்டி சாயும், அந்தச் சாய்வை அடக்குவது அதுதான்.

தாழ்ந்த பின்பக்கத்துக்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒரு பட்டை கூடப் போடுவது. கூடுதல் பட்டை வண்டியை நிமிர்த்தும், உண்மை. ஆனால் ஆக்ஸில், டயர், பிரேக், சேஸி ஆகியவற்றின் தாங்கும் அளவு அதனால் ஒரு கிலோகூடக் கூடாது. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஏற்றும் பாரத்தைக் கூட்டினால், அடுத்த பழுது இன்னும் பெரிய பாகத்தில் வரும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

ஒருமுறை கழற்றினால் கைக்கு எட்டும் பாகங்களை ஒரே கட்டாக வைத்துக் கணக்கிடுங்கள். பின் பட்டையை இறக்கினால் யூ போல்ட், சென்டர் போல்ட், கண் புஷ், ஷேக்கிள் புஷ் நான்கும் ஒரே வேலை. முன்பக்கத்தில் டை ராட் முனை, பால் ஜாயிண்ட் இரண்டும் தேய்ந்திருந்தால் சேர்த்து மாற்றிவிட்டு அலைன்மெண்டுக்கு (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) ஒரே முறை போகலாம். தனித்தனியாகச் செய்தால் அலைன்மெண்ட் காசு இரண்டு முறை.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, யூ போல்ட் இவற்றைப் பழையதாக வாங்காதீர்கள், பெயர் தெரியாத மலிவு ரகமாகவும் வாங்காதீர்கள். ஷாக்கும் பழையது வேண்டாம், ஒரே ஆக்ஸிலுக்கு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முழுப் பட்டைக் கட்டு, ஹேங்கர், ஷேக்கிள் தகடு இவை உடைசல் வண்டியிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, விரிசல் இல்லை, துளை நீள்வட்டமாகத் தேயவில்லை என்று பார்த்து எடுத்தால் போதும். பட்டைக் கட்டானால் உங்கள் கட்டோடு பக்கத்தில் வைத்துப் பட்டை எண்ணிக்கை, தடிமன், வளைவு, சென்டர் போல்ட் துளை இருக்கும் இடம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பல கட்டுகளில் அந்தத் துளை நட்டநடுவில் இருக்காது, முன்பாதி குட்டையாகவும் பின்பாதி நீளமாகவும் இருக்கும்.

போல்ட் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பதைக் கவனியுங்கள், அது போல்ட்டின் வலுவைக் காட்டும் எண். 10.9 இருந்த இடத்தில் சாதாரண போல்ட் போடுவது மிச்சம் ஆகாது. கருவிகளில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுவது), பெரிய சாக்கெட், பால் ஜாயிண்ட் பிரஸ் ஆகியவற்றை வாடகைக்கோ இரவலோ எடுக்கலாம், தினமும் தேவைப்படுபவை அல்ல.

எல்லாவற்றையும்விட மலிவான ரிப்பேர் கிரீஸ்தான். நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள பின், ஷேக்கிள், கிங் பின் ஆகியவற்றில் பழைய அழுக்கு கிரீஸ் இரண்டு முனையிலும் வெளிவரும் வரை அடியுங்கள். நிப்பிளை முதலில் துடையுங்கள், இல்லையென்றால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். ரப்பர் புஷ்ஷுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும்.

பின் பட்டையை இறக்கி ஏற்றுவது

புதியவர் தைரியமாக எடுத்துச் செய்யக்கூடிய பெரிய வேலை இது. கனமானது, ஆனால் சிக்கலானதல்ல. இரண்டு பேர் வேண்டும், ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

முந்தின நாளே எல்லா மரைகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. அதே நேரத்தில் முன் கண்ணின் போல்ட் எந்தப் பக்கமாக வெளியே வரும் என்று பாருங்கள். சில வண்டிகளில் எரிபொருள் டேங்க் இடிக்கும், டேங்க்கைக் கொஞ்சம் இறக்காமல் போல்ட் வராது. பாதி வேலையில் இதைக் கண்டுபிடித்தால் நாள் போய்விடும். எல்லாக் கோணத்திலிருந்தும் போட்டோ எடுத்துவையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்ளும், எப்படி மாட்டியிருந்தது என்பதற்கு மாதிரியாகவும் இருக்கும்.

1. சேஸியை, முன் ஹேங்கருக்கு முன்னால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆக்ஸிலுக்கு அடியில் தனி ஜாக்கி. பட்டையில் பாரம் இல்லாமல், ஆக்ஸிலின் எடை மட்டும் ஜாக்கியில் இருக்கும்படி சரிசெய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்க வைத்தால் இன்னொரு காப்பு.

2. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். பின் ஆக்ஸிலிலிருந்து மேலே ஒரு மெல்லிய கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ ஒரு வால்வுக்குப் போனால், அது பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக்கை மாற்றும் வால்வு. அதன் நீளத்தைக் கூட்டாமல், குறைக்காமல், முனையை மட்டும் கழற்றுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. யூ போல்ட் நட்டுகளைக் கழற்றுங்கள். வராவிட்டால் வெட்டி எறிந்துவிடலாம், எப்படியும் புதிதுதான் போடப்போகிறோம். ஒருமுறை முழுசாக இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடியைத் தராது.

4. ஆக்ஸிலை ஒரு அங்குலம் இறக்கி, ஷேக்கிள் போல்ட்டையும் முன் கண் போல்ட்டையும் உருவுங்கள். கட்டு நினைப்பதைவிடக் கனமாக இருக்கும். கடைசி போல்ட்டை உருவும்போது ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அடியில் யாருடைய காலும் கையும் இருக்கக் கூடாது.

கட்டு வெளியே வந்ததும் சென்டர் போல்ட். இங்கே கொஞ்சம் நிதானம். பட்டைகள் ஒவ்வொன்றும் வேறுவேறு வளைவில் செய்யப்பட்டு, போல்ட்டால் நெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. போல்ட்டை நேரடியாகக் கழற்றினால் கட்டு விரிந்து பாயும். போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் கெட்டியான சி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, போல்ட்டை எடுத்து, பிறகு இரண்டு கிளாம்பையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, விரிசல் பார்த்து, அதே வரிசையில் அடுக்கி, புதுப் போல்ட்டால் கட்டுங்கள்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைத்துச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஸ்பிரிங் எஃகுக்கு உயிரே அதைப் பதப்படுத்திய விதம்தான். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும், அந்த இடம் கண்ணாடிபோல முறியும். புஷ்ஷை எடுக்கக் கண் பகுதியைத் தீயில் காட்டுவதும் அதே தவறு. நீளமான போல்ட், ஒரு சாக்கெட், ஒரு குழாய்த் துண்டு இவற்றை வைத்து இழுத்தே பழைய புஷ்ஷை வெளியே தள்ளலாம். புதுசு போகச் சோப்புத் தண்ணீர் போதும்.

5. முன் கண்ணை முதலில், பிறகு ஷேக்கிளை மாட்டுங்கள். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி விடுங்கள், இறுக்க வேண்டாம்.

6. ஆக்ஸிலை ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். சென்டர் போல்ட்டின் உருண்டைத் தலை, ஆக்ஸில் இருக்கையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்யுங்கள். இந்தத் தலை உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கினால் நான் கண்ட அதே பழுதை நீங்களே உண்டாக்கியவர்கள் ஆவீர்கள்.

7. யூ போல்ட் நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, மூன்று நான்கு சுற்றாகப் படிப்படியாக இறுக்குங்கள். நான்கு முனையிலும் வெளியே தெரியும் மரை ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

8. சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, வண்டியின் எடை பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் யூ போல்ட்டுக்கும் கண் போல்ட்டுக்கும் ஷேக்கிளுக்கும் கையேடு சொல்லும் டார்க் அளவில் கடைசி இறுக்கு.

அந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பவர்களால்தான் புதுப் புஷ் சில மாதத்தில் கிழிகிறது. ரப்பர் புஷ் உள்ளே சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். அதற்குமேல் ஒவ்வொரு பள்ளமும் அதைக் கிழிக்கும்.

ஷாக்

இதில் சொல்ல அதிகம் இல்லை. காயில் ஸ்பிரிங் உள்ள ஆக்ஸிலில் ஷாக்கைக் கழற்றும் முன் ஆக்ஸிலைத் தாங்கிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஆக்ஸில் கீழே இறங்காமல் தடுப்பதே ஷாக்தான், கழற்றியதும் ஆக்ஸில் விழுந்து பிரேக் ஹோஸ் அறுபடலாம், ஸ்பிரிங் வெளியே வந்துவிடலாம். சாதாரண எண்ணெய் ஷாக் பெட்டியில் படுத்திருந்திருக்கும், மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை அழுத்தி இழுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பளபளக்கும் ராடை இடுக்கியால் பிடிக்க வேண்டாம், ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். மேல்முனை நட்டை, ரப்பர் வாஷரின் விளிம்பு அளவுக்குப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும்.

டை ராட் முனை

லாக் நட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி, அது நின்ற இடத்தில் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். நட்டு திரும்பாமல் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை எடுத்து, நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் நிற்க விடுங்கள். இப்போது ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியால் ஒரே அடியாகப் பலமாகத் தட்டுங்கள். கூம்பு வடிவத் தண்டு அதிர்ந்து விடுபடும். தண்டின் மரையில் அடித்தால் அது காளானாகும், வேலை நிற்கும்.

பழைய முனையைத் திருகிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணி எழுதுங்கள். புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள். கூம்பும் அது உட்காரும் துளையும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், எண்ணெய் வேண்டாம். நட்டை அளவுக்கு இறுக்கியதும் காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால், நட்டின் அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும்வரை இன்னும் இறுக்குங்கள். பின் போடுவதற்காக ஒருபோதும் தளர்த்தாதீர்கள். சுற்று எண்ணிப் போட்டது அலைன்மெண்ட் கடைவரை ஓட்டிப் போக மட்டும்.

கை வைக்க வேண்டாதவை

மேக்பெர்சன் ஸ்ட்ரட்டைப் (ஷாக்கும் காயிலும் ஒன்றாக அமைந்த பாகம்) பிரித்துக் காயிலை மாற்றுவது, காயில் கம்ப்ரெஸ் செய்யும் எந்த வேலையும், டார்ஷன் பாரைத் தளர்த்துவது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் எலும்பை உடைக்கும், தலையில் பட்டால் பிழைப்பதே கஷ்டம். ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய் அங்கே ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் கூலி கணிசமாகக் குறையும். ரிவெட் அடித்த ஹேங்கர், விரிசல் விட்ட சேஸி, பிரஸ் தேவைப்படும் பால் ஜாயிண்ட் இவையும் இந்த வகைதான். பால் ஜாயிண்டும் புஷ்ஷும் பொருத்தியே முழு ஆர்மாகக் கிடைத்தால், பிரஸ் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் அதுவே லாபம். ஆனால் காயிலோ டார்ஷன் பாரோ அமர்ந்திருக்கும் ஆர்மைக் கழற்ற வேண்டுமென்றால் அந்த வேலையையும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

முதல் ஓட்டம் பாரமில்லாமல், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், மெதுவாக. பிரேக் முதலில், பிறகு இரண்டு பக்கமும் திருப்பம். சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தையும் மட்கார்டு உயரத்தையும் மறுபடி அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பின்பக்க உயரம் மாறியிருந்தால், பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கை மாற்றும் அந்த வால்வைத் தெரிந்தவரிடம் காட்டி அளவு வைக்கச் சொல்லுங்கள்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். யூ போல்ட் புதிதில் கொஞ்சம் நீளும், பட்டைகளும் ஒன்றோடொன்று படிந்து உட்காரும், அதனால் முதல் 100 முதல் 200 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போக வேண்டும். வீல் நட்டுக்கும் இது பொருந்தும். அதற்குப் பிறகு கிரீஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் டார்ச்சால் அந்தக் கோடுகளை ஒரு பார்வை பாருங்கள். கோடு முறிந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் அந்த நட்டு திரும்பியிருக்கிறது. இறுக்குவதற்கு முன் சென்டர் போல்ட்டின் தலை குழியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரெஞ்ச்சை எடுங்கள்.